ஹெல்மெட் கழற்ற இரண்டு பேர்

நேசம் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வந்தாள். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நுகேகொடையில் முதலுதவி வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, மூன்று சனிக்கிழமைகள் போயிருந்தாள். 2007ஆம் ஆண்டு, கொழும்பில் யுத்த காலம். சந்திக்குச் சந்தி ஆமியின் சோதனைச் சாவடி.

"இந்த நேரத்தில உமக்கு இது தேவையோ?" என்று கணவன் பேதுரு கேட்டான்.

"ரோட்டில விழுறதுக்கு நேரம் பார்க்கிறதோ?" என்றாள் நேசம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, காலி வீதியில் அவளுக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிளை ஒரு பஸ் உரசியது. ஓட்டி வந்தவன் தூக்கி எறியப்பட்டு நடைபாதை விளிம்பில் தலை அடிபட விழுந்தான். அவள் ஸ்கூட்டரை ஓரத்தில் போட்டுவிட்டு ஓடினாள். அதற்குள் ஒருவன் விழுந்தவனின் காலைப் பிடித்து த்ரீவீலருக்கு இழுக்கப் பார்த்தான். இன்னொருவன் ஹெல்மெட்டைப் பிடுங்கினான்.

"தொடாதீங்க! கழுத்து முறிஞ்சிருக்கலாம்!" என்று சிங்களத்தில் கத்தினாள்.

கூட்டம் கையை எடுத்தது. அவள் முழந்தாளிட்டு ஹெல்மெட்டை இரு பக்கமும் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டாள். ஒரு கடைக்காரர் அம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்.

பக்கத்துச் சாவடியிலிருந்து ஓர் ஆமிக்காரன் ஓடி வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்ன அவளுடைய சிங்களத்தில் தமிழ் உச்சரிப்பைக் கேட்டதுமே அவன் முகம் மாறியது.

"எழும்பு. அடையாள அட்டை."

"ஹேண்ட்பேக்கில இருக்கு. நீங்களே எடுங்க. நான் கையை விட முடியாது."

"எழும்பு என்று சொன்னேன்!" துவக்கின் முனை அவள் தோளுக்கு நேரே வந்தது. கூட்டம் பின்வாங்கியது.

அவள் கையை விடவில்லை.

அவன் ஒரு கையால் பையைக் கொட்டினான். அட்டை விழுந்தது. கூடவே வகுப்புக் கொப்பியும் விழுந்தது. அதில் கை, கால், கட்டுப் போடும் விதம், இரத்தம் நிறுத்த அழுத்த வேண்டிய இடம் எல்லாம் அவள் வரைந்த படங்கள், தமிழில் குறிப்புகள். அவன் கொப்பியின் பக்கத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

அப்போதுதான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் மூச்சு விடுவது போல. பிறகு அதுவும் நின்றது.

மூச்சுப் பாதை அடைத்தால் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், தனியாக ஒருபோதும் கழற்றக் கூடாது, இரண்டு பேர் வேண்டும் என்று வகுப்பெடுத்த நர்ஸ் ஸமீமா சொல்லியிருந்தாள். நேசம் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் எட்டத்தில் நின்றார்கள். பக்கத்தில் நின்றவன் இவன் ஒருவன்தான்.

"மல்லி," என்று தம்பியைக் கூப்பிடுவது போலச் சிங்களத்தில் கூப்பிட்டாள். "இவருக்கு மூச்சு நிண்டுட்டுது. துவக்கை முதுகில போட்டுட்டு முழந்தாளில இருங்க. ஒரு கை தாடைக்கு, மற்றக் கை பிடரிக்குக் கீழ. விடக்கூடாது. விட்டா இவர் செத்துடுவார்."

அவன் அசையவில்லை. ஒரு கணம். இன்னொரு கணம். பிறகு துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்டியிட்டான். அவள் சொன்ன இடத்தைப் பிடித்தான்.

அவள் நாடாவை அவிழ்த்து, ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து, மூக்கில் படாமல் சரித்து மெல்ல இழுத்தாள். தலை வெளியே வந்ததும் அதைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டாள்.

"இப்ப தோளையும் இடுப்பையும் பிடியுங்க. நான் மூண்டு எண்ணுறன். ஒண்டாத் திருப்புவம்."

உடம்பு மரக்கட்டை போல ஒரே சீராகப் பக்கவாட்டில் திரும்பியது. வாயிலிருந்து இரத்தமும் உடைந்த பல் ஒன்றும் விழுந்தன. விழுந்தவன் இருமினான். மூச்சு வந்தது.

"புதுசரணய்" என்று புத்தரின் காவலை வேண்டினான் ஆமிக்காரன். அம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையையும் அவன் தோளையும் பிடித்தபடி இருந்தார்கள்.

அம்புலன்ஸ் போனதும் ஜீப்பில் வந்த அதிகாரி கொப்பியைக் கையில் எடுத்தார். காயத்துக்குக் கட்டுப் போட ஒரு தமிழ்ப் பெண் எதற்குப் படிக்கிறாள்? ஆமிக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதிகாரி கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, நேசத்தை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

பொலிஸ் நிலையத்து வாங்கில் எட்டு மணித்தியாலம் உட்கார வைத்தார்கள். யாருக்கு மருந்து கட்டப் பழகினாய், புலிகளுக்கா, எங்கே, யார் அனுப்பியது? அதே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். கையில் உலர்ந்த இரத்தத்தைக் கழுவக்கூட விடவில்லை. நாலு மணிக்கு, தகவல் கிடைத்த பேதுரு ஸமீமாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் வகுப்பு வரவுப் பதிவேட்டை மேசையில் விரித்து, அதில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர். ஐந்தரைக்கு நேசத்தை விட்டார்கள். கொப்பியைத் தரவில்லை.

விழுந்தவன் பெயர் மஷூர். ஒரு கிழமை கழித்து அவன் மனைவி றலியா தேடி வந்தாள்.

"கழுத்தெலும்பு வெடிச்சிருக்காம் அக்கா. இழுத்திருந்தா கை கால் ரெண்டும் போயிருக்கும் எண்டு டொக்டர் சொன்னாரு," என்றவள் நேசத்தின் கையைப் பிடித்து அழுதாள்.

நேசத்துக்கும் அழுகை வந்தது. அந்த வாங்கில் இருந்தபோது வராத அழுகை.

மறுநாள் சாவடியில் அதே ஆமிக்காரன் மறித்தான். அட்டையை வாங்கி, வழக்கம் போல இரு பக்கமும் பார்த்தான். பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"அக்கா, அந்த மனுஷன் இருக்கிறாரா?"

"இருக்கிறார். கை கால் அசையுது."

அவன் தலையாட்டிவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.