கண்ணாக்காட்டு வளைவில் இடம் மாறுபவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஒரு துண்டுப் பிரசுரம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அது கை தவறிக் கதையாகிவிட்டது.

சூறாவளி அடித்ததற்கு அடுத்த மாரி, எழுபத்தொன்பதின் கடைசி. கல்முனைக்குப் பின்னால் கிடக்கிற வாவியில், கிட்டங்கித் துறையில், நாங்கள் சிலர் கூடி ஒரு பாய்த்தோணிக் கழகம் தொடங்கியிருந்தோம். மாரியில் கடலுக்குப் போக முடியாது. வயலில் விதைப்பும் முடிந்திருக்கும். சனிக்கிழமைப் பின்னேரங்களில் தேநீர்க் கடையில் இருந்து அரசாங்கத்தைத் திருத்துவதை விட்டால் வேறு வேலை கிடையாது. அந்த நேரத்தில் பாயைக் கட்டி யார் முந்துகிறார்கள் என்று ஓடிப் பார்ப்போமே என்பதுதான் கழகத்தின் முழுக் கொள்கையும். பரிசு இல்லை, கிண்ணம் இல்லை, விதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. செயலாளர் நான், மக்கீன். கழகத்தில் தோணி இல்லாத ஒரே ஆள் என்பதால் நடுவரும் நானே.

சிக்கல் என்னவென்றால், சூறாவளிக்குப் பிறகு கழகத்தில் ஓடக்கூடிய தோணிகள் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. ஒன்று சொறிக்கல்முனை அழகரெத்தினத்தினுடையது. அவர் நெல்லுச் செய்கிறவர், நல்ல ஓட்டக்காரர். மற்றது பக்கீர் முகைதீனுடையது. அவரும் நல்ல ஓட்டக்காரர்தான், வழியில் மீன் துள்ளும் வரைக்கும். மீன் துள்ளினால் போட்டியை மறந்து வலையை எடுத்துவிடுவார். ஆக, ஒவ்வொரு சனிக்கிழமையும் அழகரெத்தினம் தனியாக வந்து சேர்ந்து, தன்னைத் தானே வென்று, சலித்துப்போய் வீட்டுக்குப் போவார். இன்னும் இரண்டு சனிக்கிழமை இப்படிப் போனால் தானும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

எனவே, போட்டிக்கு வராமல் வெறுமனே காற்று வாங்கப் பாய்விரித்துத் திரிகிறவர்களைக் கூப்பிட்டு ஒரு பிரசுரம்.

2

முதல் முயற்சி: 'உல்லாசமாகப் பாய்விரிக்கும் அன்பர்களே! உங்கள் வீரத்தைக் காட்ட' (இதோடு நிறுத்தினேன். வீரம் என்று கண்டால் ஒருவரும் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டார்கள்.)

இரண்டாம் முயற்சி: 'போட்டி என்றதும் பயப்பட வேண்டாம். தோற்பது உடம்புக்கு நல்லது, ஏனென்றால்' (ஏனென்றால் என்ன? இன்று வரை தெரியவில்லை. வாக்கியம் அப்படியே கிடக்கட்டும், உங்களுக்குத் தோன்றினால் முடித்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாம் முயற்சி: 'கலந்தர் காக்கா, தயவுசெய்து வாருங்கள்.'

இதுதான் நேர்மையான வாசகம். நான் 'அன்பர்களே' என்று பன்மையில் கூப்பிட்டாலும் அந்த வாவியில் பொழுதுபோக்குக்காகப் பாய்விரித்தவர் ஒரே ஒருவர்தான். ஆளின் பெயரை எழுதிவிட்டால் அதற்குப் பிறகு பிரசுரம் எழுத முடியுமா? முகம் வருகிறது, குரல் வருகிறது, கதை வந்துவிடுகிறது.

3

கலந்தர் காக்கா, அதாவது எங்கள் எல்லாருக்கும் அண்ணன், கல்முனையில் புடவைக் கடை வைத்திருந்தார். கடையில் மிஞ்சிய சாரன் துண்டு, வாயில் சேலைத் துண்டு, திரைச்சீலைத் துண்டு எல்லாவற்றையும் பொருத்தித் தைத்ததுதான் அவருடைய பாய். ஒரு மூலையில் மயில் இருக்கும், அடுத்த மூலையில் ரோசாப்பூ. சனிக்கிழமைகளில் மனைவி சுல்பிகாவை ஏற்றிக்கொண்டு, இறைச்சி ரொட்டியும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியுமாக வாவிக்குள் போய், அசர் தொழுகைக்கு முன் திரும்பி வருவார். வரும்போது பார்க்க வேண்டும். பின்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் இருப்பார். முன்பக்கம் குடைக்குக் கீழே சுல்பிகா இருப்பார். துறையில் நிற்கிற எல்லாரும் "மாலுமியார் வாறார்" என்பார்கள். அந்தப் பட்டத்தை அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

(அவர் துறையில் கொஞ்சம் பலமாகவே இடிப்பார். அது ஒரு பெரிய மாலுமியின் கம்பீரம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். நம்ப வேண்டும் என்று முடிவெடுத்த ஊருக்கு எதுவும் அத்தாட்சிதான்.)

மூன்று தடவை கடைக்குப் போய்க் கேட்டேன். மூன்று தடவையும் துணி மடித்துக்கொண்டே ஒரே பதில்.

"நான் போட்டிக்கு ஆளில்ல தம்பி. நான் காத்து வாங்கப் போறவன். காத்துக்கும் போட்டி வெச்சா அதுவும் யாவாரமாப் பெய்த்திரும்."

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும். அதிர்ஷ்டவசமாக எனக்கு அது நடந்தே இருந்தது, கற்பனை செய்யத் தேவைப்படவில்லை.

கிட்டங்கித் துறைக்குக் கொஞ்சம் தள்ளிக் கண்ணா என்கிற அலையாத்தி மரங்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கின்றன. அந்த வளைவைத் தாண்டினால்தான் தோணி துறையில் நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை அழகரெத்தினத்தின் தோணியில் தொற்றிக்கொண்டு வளைவுக்கு அப்பால் இருந்தேன். மயிலும் ரோசாப்பூவும் காற்றை அள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் பறந்தன. சுக்கானில் இருந்தது சுல்பிகா. முந்தானையை இறுக்கிச் செருகி, கண்ணைச் சுருக்கிப் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் நமது மாலுமியார் காலை நீட்டி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

வளைவு வந்தது. இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்தார்கள். அவர் இடப்பக்கத்தால், அவர் வலப்பக்கத்தால்.

(இரண்டு 'அவர்' வந்துவிட்டது. மரியாதைக்கு நாம் கொடுக்கிற விலை. கணவர் இடப்பக்கத்தால், மனைவி வலப்பக்கத்தால்.)

நடுவில் தோளோடு தோள் உரசாமல் கடந்து, மற்றவரின் இடத்தில் உட்கார்ந்தார்கள். குடை விரிந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. தோணி துறையை நோக்கிப் போனது, கொஞ்சம் கோணலாக.

5

மறுநாள் கடைக்குப் போகாமல் கலந்தரின் வீட்டுக்குப் போனேன்.

"காக்கா, நான் கண்டிட்டன்" என்றேன்.

கலந்தரின் முகத்தில் ஈயாடவில்லை. "ஆரிட்டயும் செல்லிப் போடாதீங்க தம்பி. சுக்கான் எண்டா எனக்குக் கண்ணிலயும் காட்டேலாது. நான் வலத்தால திருப்பினா அது இடத்தால போகுது."

"நான் ஏன் செல்லப் போறன்? ராத்தா புடிக்கட்டும், நீங்க ஓட வாங்க."

"அவ புடிக்கிறத ஊரு கண்டா? நாளைக்குக் கடையில நிண்டு துணி கிழிக்கேலுமா எனக்கு? பொய்ய இவ்வளவு நாளா நெஞ்ச நிமித்திக் கொண்டந்திட்டன் தம்பி."

கதவுக்குப் பின்னால் நின்ற சுல்பிகா முன்னால் வந்தார்.

"ஊரு பேசினா ஒரு கிழமைக்குப் பேசும். மறுகா வேற ஆளப் புடிச்சிக்கும். எனக்குக் கண்ணாவடியில எழும்பி எழும்பி இரிந்தே அலுத்துப் பெய்த்து. ஒருக்கா, ஒரே ஒருக்கா, துறைக்குள்ள நானே புடிச்சிட்டு வரோணும் தம்பி. எல்லாரும் பாக்கோணும்."

கலந்தர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இவ்வளவு ஆசையா புள்ள?"

"நீங்க கேக்கல்லியே."

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. (அழுகை வரவழைப்பதற்காக இதை எழுதவில்லை. உண்மையாகவே அடைத்தது. இறைச்சி ரொட்டி கொடுத்திருந்தார்கள், அதுவும் ஒரு காரணம்.)

"சரி" என்றார் கலந்தர், பெருநாளைக்கு முதல்நாள் கடைசிப் புடவையை வந்த விலைக்கே கொடுக்கிறவரைப் போல. "ஆனா வளைவு வரக்குள்ள எனக்கு நெஞ்சு படபடக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல."

"எழும்பாம இரிங்க. அது போதும்."

6

அழகரெத்தினத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். போட்டிக் கதை என்றால் வில்லன் வேண்டும். முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்து, ஒரு பெண் சுக்கான் பிடிப்பதா என்று உறுமவைத்தேன். அவருக்கு மீசையே கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. பிரதியை வாசித்துக் காட்டியபோது வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன தம்பி, என்னக் கெட்டவனாக்கிப் போட்டாயே! அந்தப் புள்ளையோட நான் எத்தினை நாளா வாவிக்குள்ள ஓடித் தோத்துக்கொண்டிருக்கன் தெரியுமா? நான் போட்டிக்கு ஓடுறது அவவுக்கு விளங்காது எண்டெல்லோ நினைச்சிருந்தன்."

இதைச் சுல்பிகாவிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நானும் அவருக்கு விளங்காதெண்டுதானே ஓடின!"

ஆகவே, வாசகரே, இந்தக் கதையில் வில்லன் இல்லை. தேவையென்றால் காற்றை வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் எங்கள் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனதும் அதுதான், இந்த வருடம் எங்களைச் சிரிக்கவைத்ததும் அதுதான்.

7

போட்டி அக்கரையில் தொடங்கி கிட்டங்கித் துறையில் முடியும். துறைக்கு முன்னால் தண்ணீரில் இரண்டு கம்பு நட்டிருந்தோம். அவற்றின் நடுவில்தான் கோடு. கண்ணுக்குத் தெரியாத கோடு, ஆனால் கோடு. நான் கொடியோடு கரையில் நின்றேன். கலந்தர் காக்கா ஓடுகிறார் என்று கேள்விப்பட்டு பாதிக் கல்முனை வந்திருந்தது.

வளைவுக்கு அப்பால் என்ன நடந்தது என்பதை நான் காணவில்லை. அக்கரையில் வெள்ளைத் துண்டு வீசித் தொடக்கிவைத்தவர் அழகரெத்தினத்தின் மனைவி அன்னப்பிள்ளை. மயிலும் ரோசாப்பூவும் வெளிக்கிடும்போதே முந்தின என்று அவர் சொன்னார். நடுவாவியில் ஒரு கொடுவா மீன் துள்ளியது, பக்கீர் முகைதீன் பாயை இறக்கினார். இதற்கு அத்தாட்சி தேவையில்லை. மிச்சத்தை நீங்கள் விரும்பியபடி இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். அலையைக் கொஞ்சம் கூட்டினாலும் கோபிக்க மாட்டேன்.

வளைவுக்கு இப்பால் நடந்ததை நான் கண்டேன். முதலில் மயில் வந்தது. பிறகு தோணி முழுவதும் வந்தது. சுக்கானில் சுல்பிகா. துறையில் நின்ற ஒருவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வெளிக்கிட்டார்.

அதற்குள் தோணியில் இருந்த இருவரும் எழுந்துவிட்டார்கள்.

யாரும் சொல்லவில்லை. பயத்தாலும் இல்லை. கண்ணா மரம் வந்தால் எழும்புவது என்று கால்களுக்குப் பழகிவிட்டது, கால்கள் எழும்பின. கணவர் இடப்பக்கத்தால், மனைவி வலப்பக்கத்தால். உட்கார்ந்த பிறகு சுல்பிகாவின் கை குடையைத் தேடியதைக் கண்டேன். குடை வீட்டில் இருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. திரும்பிக் கலந்தரைப் பார்த்தார். கலந்தர் கையிலிருந்த சுக்கானைப் பார்த்தார், கடையில் பழுதான சாமானைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது போல. தோணி கோணத் தொடங்கியது. பின்னால் வளைவைச் சுற்றி அழகரெத்தினத்தின் பாய் வந்துகொண்டிருந்தது.

8

இங்கே நான் பல நாள் நின்றேன்.

(அ) கலந்தருக்குத் திடீரென்று ஓட்ட வருகிறது. தோணி அம்பு போலப் பாய்கிறது, ஊர் ஆரவாரிக்கிறது, பட்டம் நிலைக்கிறது. (இதைக் கல்முனையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். துறைப் பலகையில் அவர் இடித்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன.)

(ஆ) தோணி சேற்றில் ஏறுகிறது. அழகரெத்தினம் வெல்கிறார். கலந்தர் காற்றில் குறை சொல்கிறார். சுல்பிகா சேற்றில் இறங்கி நடந்து வீட்டுக்குப் போகிறார். இதை எழுதி முடித்து என் மனைவி அஸீஸாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இவ்வளவு வந்தும் அவக்குக் குடுக்காம விட்டீங்களா?" என்றார். அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

(இ) நடந்தது.

கலந்தர் எழுந்து நின்றார். பெருநாள் நேரம் கடை வாசலில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிற அதே குரல்.

"கிட்டங்கியில நிக்கிற ஆக்களே, கேட்டுக்கங்க! நான் ஒரு நாளும் ஓட்டின மனிசனில்ல! எனக்கு ஓட்டவே தெரியா! ஓட்டுற என்ட பொண்டாட்டி!"

பிறகு இருவரும் மறுபடியும் இடம் மாறினார்கள். இந்த முறை அழகாக இல்லை. தோள் இடித்தது, பாய் படபடத்தது, தோணி தண்ணீர் குடித்தது, கலந்தர் தவழ்ந்துதான் முன்பக்கம் போய்ச் சேர்ந்தார். அழகரெத்தினம் பக்கத்தில் வந்துவிட்டார். அவர் பாயைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை, அதற்காக அவரை நான் இன்னும் மதிக்கிறேன். சுல்பிகா கயிற்றை ஒரு சுண்டு சுண்டினார். மயில் நிமிர்ந்தது. இரண்டு தோணியும் ஒன்றாகத் துறைக்குள் வந்தன. சுல்பிகா முகத்தை நிமிர்த்திக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு, துறைப் பலகையில் ஒரு நகம் அளவுகூட இடிக்காமல் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஊர் கத்திய கத்து எனக்கு இப்போதும் கேட்கிறது.

9

"ஆரு முந்தின?" என்று கேட்டார் சுல்பிகா.

நான் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அந்தத் துறையில் ஒருவர்கூடக் கோட்டைப் பார்க்கவில்லை. எல்லாரும் சுல்பிகாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் கொடி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"தெரியா ராத்தா."

"நடுவர் எண்டா கோட்டப் பாக்கோணும் தம்பி" என்றார். கோபம் இல்லை, கண்ணில் நீரும் சிரிப்பும் ஒன்றாக நின்றன. வானத்தைப் பார்த்தார். "வெளிச்சம் இரிக்கி. இன்னொருக்கா ஓடுவம்."

அழகரெத்தினம் ஏற்கெனவே தோணியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கலந்தர் நனைந்த சாரனைப் பிழிந்துகொண்டே முன்பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

"மக்கீன், ஏறுங்க தம்பி. பயப்புடாதீங்க, ஓட்டுற நானில்ல."

ஆகவே, வாசகரே, முடிவு எழுத என்னால் ஏலாது. எனக்கு நேரமில்லை, அவர்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். இந்தக் கொடியைப் பிடியுங்கள். கொஞ்சம் ஈரம், பரவாயில்லை. அந்த இரண்டு கம்புக்கும் நடுவில் கண்ணை வைத்துக்கொண்டு நில்லுங்கள். நாங்கள் வளைவைத் தாண்டி வரும்போது என்ன சத்தம் கேட்டாலும், தயவுசெய்து, எங்களைப் பார்த்துவிடாதீர்கள்.