பழைய சென்சார்

காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்தி, ஆக்சிலரேட்டர் சென்சாரின் ஒயர்களில் மீட்டரை மாட்டினார் மெக்கானிக். பிறகு இன்ஜினுக்குக் காற்று போகும் தகட்டைக் கையாலேயே மெல்லத் திறந்தார். எண்கள் ஏறின. புள்ளி ஆறு, புள்ளி எட்டு, ஒன்று. சட்டென்று பூஜ்யம். இன்னும் ஒரு நூல் திறந்ததும் ஒன்றரை.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

கவிழ்த்த டயரில் உட்கார்ந்திருந்த டிரைவர் எழுந்து வந்தார். வலது கை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. ஒன்பது நாள் முன்பு நாற்சந்தியில் திரும்பும்போது கார் ஒரு கணம் இழுக்காமல் நின்றது. லாரி வந்து இடித்தது. கவனக்குறைவு என்று காருக்குச் சொந்தமான கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. இன்று பட்டறை எழுதித் தரும் தாளைப் பார்த்துத்தான் வேலை உண்டா இல்லையா என்று சொல்வார்களாம்.

"எப்பவும் மிதிபடுற இடத்துல உள்ள தேஞ்சிருக்கு. அங்க வந்ததும் இன்ஜினுக்கு ஒண்ணும் தெரியாமப் போயிடுது."

"நாலு மாசமா இதைத்தான் தம்பி சொன்னேன். மிதிச்சா யோசிக்குதுன்னேன். 'உமக்கு இல்லாட்டியும் அதுக்காவது யோசனை இருக்கே'ன்னார் மேனேஜர். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"எச்சரிக்கை லைட்டு எரியலையா?"

"எரியலையே. அதைச் சொல்லியே என் வாயை அடைச்சாங்க."

மெக்கானிக் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்த மீட்டர் பலகையைக் கழற்றினார். எச்சரிக்கை லைட்டின் மேல், உள்பக்கமாக, நகமளவு கறுப்பு டேப். அதை உரித்து டிரைவரின் இடது கட்டைவிரலில் ஒட்டினார்.

புது சென்சார் மாட்டி முடித்தபோது மேனேஜர் வந்தார், கூடவே ஒரு புது ஆள். பட்டறை முதலாளி தாளை நீட்டினார். 'பொதுச் சர்வீஸ் செய்யப்பட்டது. வேறு பழுது இல்லை.'

"முதலாளி, சென்சார்ல..." என்றார் மெக்கானிக்.

"அவங்க வண்டி பதினொண்ணு நம்ம கிட்ட வருது. போய் அடுத்த வேலையைப் பாரு."

டிரைவர் இடது கையை நீட்டினார். "அந்தப் பழைய சென்சாரையாவது எங்கிட்டக் குடுங்கய்யா."

"பழைய பார்ட்டு வண்டிச் சொந்தக்காரருக்குத்தான்பா," என்றார் முதலாளி. " பட்டறை வழக்கம் உனக்குத் தெரியாதா?"

மேனேஜர் அதை வாங்கிக் கைக்குட்டையில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கதவை அப்புறம் பார்க்கலாம். வண்டி ஓடணும்."

புது ஆள் நசுங்கிய கதவை இரண்டு முறை இழுத்துச் சாத்தினார். மிதித்தார். கார் திணறாமல் பாய்ந்து, சாலையில் ஏறி, திரும்பி மறைந்தது.

டிரைவர் வாசலிலேயே நின்றார். கட்டைவிரலில் ஒட்டியிருந்த டேப்பைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தார். அது வரவில்லை.