பப்பாளிப் பால்

சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி போகிற ரோட்டில், ஊரைத் தாண்டி இரண்டு மைலில் ஆறுமுகச்சாமியின் பப்பாளித் தோட்டம் இருந்தது. பழத்துக்குப் போட்ட தோட்டம் இல்லை அது, பாலுக்குப் போட்டது. காய் பச்சையாக இருக்கும்போதே தோலில் மேலிருந்து கீழாக நாலு கீறல் போட்டால் வெள்ளை வெளேரென்று பால் வடியும். மரத்தைச் சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் தாளில் சொட்டிக் கட்டியாகும். அதை வழித்துக் காயவைத்து டப்பாவில் அடைத்து அனுப்புவார்கள். சீரணத்துக்குத் தின்கிற மாத்திரையும் பொடியும் அதில்தான் செய்கிறார்கள் என்று மேஸ்திரி கருத்தப்பாண்டி பெருமையாகச் சொல்வான்.

எண்பத்து நாலில் பேச்சித்தாய்க்கு அந்தத் தோட்டத்தில் மூன்றாவது வருஷம். புருஷன் செத்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தம்பி சங்கரபாண்டி ஆட்டுக்கிடையோடு ராமநாதபுரம் பக்கம் போனான் என்றால் திரும்பி வர நாலைந்து மாதம் ஆகும். வீட்டில் அவளும் தம்பி பெண்டாட்டி மாரித்தாயும்தான். வெயில் ஏறினால் பால் இறங்காது என்பதால் இருவரும் விடிகிற நேரத்துக்கே தோட்டத்தில் நிற்பார்கள்.

அந்தப் பால் கையைத் தின்னும். முதல் மாதம் விரலிடுக்கு அரிக்கும். பிறகு தோல் உரியும். பிறகு உரிய ஒன்றும் இல்லாமல் சிவந்து கிடக்கும். பேச்சித்தாயின் விரல்களில் ரேகையே போய்விட்டது. ரேஷன் கடையில் கைநாட்டு வைத்தால் வெறும் மைத்திட்டுதான் விழுந்தது. உனக்கு விரலே இல்லையா என்று கடைக்காரர் கேட்டபோது பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வருவதில்லை.

அந்த வியாழக்கிழமை மாரித்தாய் உயரமான மரம் ஒன்றில் காயைக் கீறிக்கொண்டிருந்தாள். கம்பின் நுனியில் பிளேடைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி கீறவேண்டும். பால் குபுக்கென்று வந்து வலது கண்ணுக்குள் விழுந்துவிட்டது. கம்பைப் போட்டுவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்தாள். பேச்சித்தாய் குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கண்ணில் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற எரிச்சல் நிற்கவில்லை.

மாரித்தாய் அப்போதே சொன்னாள், பஸ் ஏறித் திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று. மேஸ்திரி ஆள் அனுப்பி முதலாளியே வந்தார். ஆறுமுகச்சாமி அதட்டிப் பேசுகிறவர் இல்லை. குனிந்து கண்ணைப் பார்த்து, ஐயோ பாவம் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் இயற்கை வைத்திய முகாம் வைத்திருப்பதாகவும், கோயம்புத்தூரில் இருந்து குணசீலன் என்ற பெரிய வைத்தியர் வருவதாகவும், முதல் ஆளாக மாரித்தாயைக் காட்டிவிடலாம் என்றும் சொன்னார். மூன்று நாளில் இங்கேயே ஆள் வரும்போது எதற்குத் திருநெல்வேலிக்கு அலைய வேண்டும் என்றார்.

மாரித்தாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சித்தாயைத்தான் பார்த்தாள்.

"மொதலாளியே சொல்லுதாக. ஞாயித்துக்கெழமை என்ன, இந்தா வந்துட்டு. பொறுத்துக்கோட்டி" என்றாள் பேச்சித்தாய்.

வெள்ளி முழுக்கக் கண்ணில் தண்ணீர் வடிந்தது. சனிக்கிழமை சீழ் வடிந்தது. விளக்குமாற்றுக் குச்சி முனையளவு வெள்ளை ஒன்று கருவிழியில் தெரிந்தது, சாயங்காலத்துக்குள் உளுந்தம்பருப்பு அளவாகிவிட்டது. பேச்சித்தாய் மேஸ்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டாள். நாளைக்குத்தான் டாக்டர் வருகிறாரே என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையை உதறிக்கொண்டே கருத்தப்பாண்டி இன்னொன்றும் சொன்னான்.

"மனுசன் திங்குத மருந்துல்லா அது. வயித்துக்குள்ள போயி நல்லது செய்யுத சாமான், கண்ண என்ன செஞ்சிரப் போவுது? அவளுக்குக் கண்ணுவலி முன்னமே இருந்திருக்கும்."

பேச்சித்தாய் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அந்தப் பேச்சு அவளோடேயே வந்தது. வயிற்றுக்குள் போய் அது என்ன செய்கிறது? சோற்றையும் கறியையும் அரைத்துக் கரைக்கிறது. கறியைக் கரைக்கிற சாமானுக்கு இது தட்டில் கிடக்கிற கறி, இது உயிரோடு இருக்கிற கண் என்று எப்படித் தெரியும்? தன் கைகளைப் பார்த்தாள். மூன்று வருஷமாக இதைத்தான் அது தின்றுகொண்டு இருந்திருக்கிறது. தெரிந்தே கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஞாயிறு காலையில் மம்மதுவின் கறிக்கடைக்குப் போய் ஒரு துண்டு ஆட்டுக்கறி கேட்டாள். எதற்கு என்று தெரிந்ததும் மம்மது சிரிக்கவில்லை. முற்றின ஆட்டுக்குப் பப்பாளிக்காய் போட்டுத்தான் வேகவைப்போம், காய் கூடிப்போனால் கறி கூழாகிவிடும், அவ்வளவு வேகம் அதற்கு என்றார். தோட்டத்தில் வழித்த புதுப்பாலைத் தூக்குச் சட்டியில் ஊற்றி, அந்தத் துண்டை அதில் போட்டு மூடினாள் பேச்சித்தாய். பெரிய வைத்தியருக்குப் பப்பாளிப் பாலைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். கண்ணுக்குள் போனது என்ன என்று காட்டினால் சரியான மருந்து கொடுப்பார். அவ்வளவுதான் அவள் நினைத்தாள். சண்டை போடுகிற எண்ணம் காலையில் அவளுக்கு இல்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. கடைக்காரர்கள், வாத்தியார்கள், ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பந்தி பரிமாறத் தோட்டத்துப் பொம்பளைகளைத்தான் வரச் சொல்லியிருந்தார் முதலாளி. முளைகட்டின பயறு, தேங்காய்த்துருவல், பப்பாளித் துண்டு. எல்லாம் பச்சை. மாரித்தாயைத் தூக்குச்சட்டியோடு தூண் ஓரமாக உட்காரவைத்துவிட்டு பேச்சித்தாயும் இலை போட்டாள்.

குணசீலன் மேடையில் பேசினார். வெள்ளைக் கதர், நல்ல குரல். எல்லா நோய்க்கும் வேர் வயிறுதான் என்றார். செரிக்காத உணவுதான் விஷம். நம் உடம்பில் உணவைச் செரிக்க வைப்பவை நொதிகள், இங்கிலீஷில் என்சைம் என்பார்கள், அவை குறைந்துபோவதால்தான் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தோல்வியாதி எல்லாம் வருகின்றன. நொதிகள் நிறைந்த பப்பாளியை இறைவன் நமக்குத் தந்திருக்கிறான். நாம் அளவுக்கு மீறித் தின்கிறோம், அதுதான் இந்தத் தேசத்தின் நோய் என்றார். கூட்டம் கைதட்டியது.

பேச்சித்தாய்க்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. கம்மங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவள் அவள். மாரித்தாய் கண்வலியில் இரண்டு நாளாக அதுவும் குடிக்கவில்லை. அளவுக்கு மீறி யார் திங்குதாக? சாப்பிடுகிறவர்களின் வயிற்றைச் சரிசெய்ய, சாப்பிடாதவர்களின் கையைத் தின்னக் கொடுக்கவேண்டியிருக்கிறதே என்று நினைத்தவள், கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு மாரித்தாயின் பக்கத்தில் போய் நின்றாள்.

பேச்சு முடிந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். முதல் ஆள் என்று சொன்ன முதலாளி ஜவுளிக்கடைக்காரர்களை முன்னால் அனுப்பினார். மாரித்தாயின் முறை வரும்போது பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. வைத்தியர் அவள் இமையை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். மலச்சிக்கல் உண்டா என்று கேட்டார்.

"குடலில் சூடு. குடல் சுத்தமானால் கண் தானாகத் தெளியும்" என்று சொல்லிவிட்டு ஒரு பொடி டப்பாவை எடுத்து நீட்டினார். சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை. டப்பாவில் மஞ்சள் பப்பாளிப்பழம் படம் போட்டிருந்தது.

பேச்சித்தாய் அந்தப் படத்தைப் பார்த்தாள். அந்தப் பொடி எந்த மரத்தில் இருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்த மரத்தில் எத்தனை காய் என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

"அய்யா, அவ கண்ணுக்குள்ள விழுந்ததே இதுதான்" என்றாள்.

வைத்தியருக்குப் புரியவில்லை. முதலாளி குறுக்கே வந்து, அவளைப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். பேச்சித்தாய் நகரவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து வைத்தியரின் மேஜைமேல் கவிழ்த்தாள்.

கறித்துண்டு துண்டாக விழவில்லை. வெளுத்து, ஓரமெல்லாம் நைந்து, கொழகொழவென்று வழிந்தது. நாற்றத்தில் பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். பேச்சித்தாய் அதில் விரலை வைத்து அமுக்கினாள். விரல் மறுபக்கம் போனது.

"காலையில கல்லு மாதிரி இருந்த கறி இது. ஆறு மணி நேரம். அவ கண்ணுல மூணு நாளு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "எங்க கையில மூணு வருசம். ஒங்களுக்குச் சோறு செமிக்கணும்னு எங்கள இது செமிச்சிக்கிட்டு இருக்கு. இப்பச் சொல்லுங்க, குடல்லயா சூடு?"

வைத்தியர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று பின்னாளில் பேச்சித்தாய்க்குத் தோன்றியதுண்டு. அந்தப் பால் எப்படி எடுக்கப்படுகிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அவ்வளவுதான். ஆனால் கேட்காமலே ஊர் ஊராகப் போய் அதைப் புகழ்ந்து பேச முடிந்ததே, அதை அவளால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை. முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டு அவளை வெளியே கொண்டுபோகச் சொன்னார்.

அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். கடையநல்லூர் அலிமா பீவி, பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் வாயுத் தொந்தரவுக்குப் பொடி வாங்க வந்திருந்தார். மேஸ்திரியை ஒதுக்கிவிட்டு மாரித்தாயின் கண்ணை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேட்டார். பதில் கேட்டதும் அவர் முகம் மாறியது.

"இப்பவே கெளம்புங்க. நானும் வாரேன்" என்றார்.

நாலு மணி பஸ்ஸில் மூவரும் திருநெல்வேலிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த கண் டாக்டரம்மா சின்ன வயசு. விளக்கை வைத்து இரண்டு தரம் பார்த்தார். கருவிழியின் மேல்பக்கம் கரைந்துபோயிருக்கிறது, கண்ணை எடுக்காமல் காப்பாற்றப் பார்க்கிறேன், பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்றார். விழுந்த அன்றைக்கே கழுவி மருந்து போட்டிருந்தால் தழும்போடு போயிருக்கும் என்றும் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பேச்சித்தாய்க்கு அந்த வார்த்தை அடியாக விழுந்தது.

பதினெட்டு நாள் வார்டில் கிடந்தார்கள். தகவல் போய், தம்பி சங்கரபாண்டி கிடையை விட்டுவிட்டு வந்தான். அவளை மூன்று நாள் உட்காரவைத்தது எவன் என்று கேட்டான். குரல் அடங்கித்தான் இருந்தது, கையில் ஆட்டுக்காரன் தழை இழுக்கிற தொரட்டிக் கம்பு இருந்தது.

"மொதலாளி சொன்னாக. ஆனா இவ போகணும்னுதான் சொன்னா. இருன்னு சொன்னது நாந்தான்" என்றாள் பேச்சித்தாய்.

அவன் அடித்திருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வெளியே போய்விட்டான். சாயங்காலம் இரண்டு பேருக்கும் இட்லி வாங்கிக்கொண்டு வந்தான்.

ஊரில் அதற்குள் ஒன்று நடந்திருந்தது. மண்டபத்தில் பரிமாறின பொம்பளைகள் பதினோரு பேரும் மறுநாள் பால் எடுக்கப் போகவில்லை. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, கம்பைத் தொட மனசு வரவில்லை என்றார்கள். கீறாத காய்கள் மரத்தில் மஞ்சளடித்தன. பழுத்தபிறகு பால் கிடையாது. ஒன்பதாம் நாள் ஆறுமுகச்சாமி மதுரையில் இருந்து ரப்பர் கையுறையும், வெல்டிங் வேலைக்காரர்கள் போடுகிற கண்ணாடியும் வாங்கிவந்து மோட்டார் ரூமில் அடுக்கினார். வீட்டில் உலை வைக்கவேண்டுமே. பொம்பளைகள் திரும்பப் போனார்கள்.

பேச்சித்தாய் போகவில்லை. கருத்தப்பாண்டி வந்து கூப்பிட்டான், முதலாளி மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்றான். தன் மனசில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் காய் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். புண்ணான விரலில் எலுமிச்சைச் சாறு பட்டபோது உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

மாரித்தாயின் கண்ணை எடுக்கவேண்டி வரவில்லை. ஆனால் அதில் பால்நிறத்தில் பெரிய திட்டு விழுந்துவிட்டது. வெளிச்சமும் இருட்டும் தெரியும், ஆள் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் பேச்சித்தாய் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாரித்தாய் தோட்டத்துக்குப் புறப்பட்டு நின்றாள்.

பேச்சித்தாய்க்கு வந்த கோபம் மண்டபத்தில் வந்ததைவிடப் பெரிது. அறைய ஓங்கின கையைப் பாதியில் நிறுத்தினாள். நான் யாருக்காக அந்தச் சட்டியைக் கொண்டுபோய்க் கவிழ்த்தேன், உனக்குச் சூடு சொரணை இல்லையா, மிச்சம் இருக்கிற ஒரு கண்ணையும் அவனுக்கே கொடுக்கப்போகிறாயா என்று வாய்க்கு வந்தபடி கேட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. மாரித்தாய் எதிர்த்துப் பேசவில்லை. போகாமலும் இருக்கவில்லை.

ஒரு மாதம் ஒரே வீட்டில் இருவருக்கும் பேச்சு இல்லை. மாரித்தாய் சோறு வைத்தால் பேச்சித்தாய் தானே போட்டுத் தின்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மார்க்கெட் விடுமுறை. மாரித்தாய் கூழ்ச்சட்டியை மறந்துவிட்டுப் போயிருந்தாள். கொடுக்க வேண்டாம் என்று நினைத்தபடியே பேச்சித்தாய் தோட்டத்துக்கு நடந்தாள். வரப்பில் நின்று பார்த்தபோது மரங்களுக்கு நடுவில் பொம்பளைகள் கீறிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் அந்தக் கண்ணாடி இருந்தது. வியர்த்து ஆவி படிந்து அவர்களுக்குக் காயே சரியாகத் தெரியாது என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் ஒருத்திகூடக் கழற்றவில்லை.

மாரித்தாய் வந்து சட்டியை வாங்கிக்கொண்டாள். பேச்சித்தாய் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே பேசினாள்.

"மொத வாரம் எல்லாரும் கழத்தி மரத்துல மாட்டிட்டாளுக மயினி. வேர்க்குது, கண்ணு தெரியலன்னு. நான் வந்து நின்ன பொறவுதான் மாட்டுதாளுக. எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிக் கழத்துவாளுக?"

பேச்சித்தாயால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. கருத்தப்பாண்டி மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்ப்பதைக் கண்டதும் அது இன்னும் ஏறியது. ஆனால் அதை மாரித்தாய்மேல் வைக்க இனி இடம் இல்லை.

"குடிச்சிட்டுப் போ. ஆறிரும்" என்று சொல்லி, அவள் குடித்து முடிக்கும்வரை வரப்பிலேயே நின்றாள்.