அரண்மனைக் குடோன்

கிரீட் தீவுக்கு விமானம் ஏறும்போதே என் வீட்டுக்காரர் கேட்டது, திரும்புவது என்றைக்கு என்றுதான். துபாய் கராமாவில் அவர் பாதி ஆயுளைக் கழித்த மளிகைக் கடை. கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று நோன்புக்கு முன்னால் காலி செய்ய வைத்துவிட்டார்கள். அதிலிருந்து என் வீட்டுக்காரர் மக்தூம் வாய் திறப்பதே அபூர்வம். சோறு வைத்தால் சாப்பிடுவார். மனுஷர் இப்படியே அடங்கிப்போவாரோ என்று எனக்குப் பயம். மகள் மாஹிராதான் பிடிவாதமாக அனுப்பிவைத்தாள்.

தீவைச் சொல்லி முடியாது. துபாய்க் கடலில் நான் பார்த்தேயிராத நீலம். மலைச்சரிவெல்லாம் ஆலிவ் மரம், காற்றடித்தால் இலை திரும்பி வெள்ளியாக மின்னும். நான் காட்டக் காட்ட அவர் "ம்" கொட்டினார். மறுநாளே மாஹிராவுக்குப் போன் போட்டு, டிக்கெட்டை முன்னால் மாற்றச் சொல்லிவிட்டார்.

அன்றுதான் நொசோஸ் அரண்மனைக்குப் போனோம். மூவாயிரம் வருடத்துக்கும் முந்தியது. சிவப்புத் தூண்கள், சுவரில் நீந்தும் டால்பின்கள். நான் வாய் பிளந்து நின்றேன். அவர் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

மேற்குப் பக்கம் நீளநீளமாக அறைகள். உள்ளே மண்ஜாடிகள், சில ஆள் உயரம். எண்ணெயும் தானியமும் வைத்தவையாம். நான் கூப்பிடாமலே எழுந்து வந்தார்.

"குடோனு புள்ள இது. ராஜா வீடுங்கிறான், பாதி வீடு குடோனு. ஜாடிக்குக் காது எத்தன வச்சிருக்கான் பாரு. கயிறு போட்டுத்தான் தூக்கியிருப்பான்."

சொன்ன கையோடு தடுப்புக் கயிற்றைத் தாண்டிக் குனிந்தார். குட்டையான ஒரு ஜாடிக்குள் கையை விட்டு, உள்ளங்கையை முகர்ந்தார். சரக்கு வந்திறங்கினால் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் வாங்காத கை அது.

விசில் பறந்தது. காவலுக்கு நின்ற அம்மாள் ஓடி வந்து அவள் பாஷையில் பொரிந்து தள்ளினாள். இவர் கையைத் தட்டிக்கொண்டு, "மாஃபி முஷ்கில், பாய்" என்றார், ஒண்ணும் பிரச்சினையில்லை அண்ணே என்று கடையில் சொல்கிற மாதிரியே. ஒரு பொம்பளையைப் பார்த்து. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன வாசம் வந்துச்சு?"

"தூசிதான். இவனையும் காலி பண்ணச் சொல்லிட்டாய்ங்க போல."

அவரே சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

சாயங்காலம் கடற்கரையில் இருந்தபோது மாஹிரா கூப்பிட்டாள், டிக்கெட் மாற்றட்டுமா என்று. போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"வேணாம்மா, இருக்கட்டும். இங்க ஒரு கடையப் பாத்தேன். இன்னும் பாதிகூடப் பாக்கல."