இடப்பக்கம் திரும்பிய மீட்டர்

மலைப்பாதையின் பதினெட்டாவது வளைவில், என்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் தொண்ணூறைத் தொட்டது. கீர்த்தனா அதை அண்ணனிடம் சொல்லவில்லை. தொண்ணூறுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதோடு, ஊரே சொல்கிறபடி அது அவன் வைத்த மீட்டர்தானே, அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

பார்க்க முடிந்தால்தானே! டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த அந்த மீட்டர் முழுக்க இடப்பக்கம் திரும்பியிருந்தது. ஓட்டுகிறவன் கழுத்தை ஒடித்தாலும் அதன் விளிம்பைத்தான் பார்க்கலாம். முன் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் எண்கள் நேராகத் தெரியும். இப்போது அங்கே கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள்.

பின் சீட்டில் அம்மா ருக்குமணியின் மடியில் தலை வைத்து அப்பா கிடந்தார். காலையில் நாமக்கல் ஆஸ்பத்திரியில், "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க அம்மா சம்மதிக்கவில்லை. அவர் வாடகைக்கு ஓட்டிய காரிலேயே ஏற்றச் சொன்னாள். ஸ்கேன் படம் வைத்திருந்த பெரிய உறையால் அவருக்கு விசிறிக்கொண்டே வந்தாள்.

"உள்ள கொண்டு போயிரோணும் சாமி," என்றாள் மறுபடியும். "அவரு கட்டுன ஊடு."

மலைமேல் வளப்பூர் நாட்டில் அவர்கள் ஊரில், வெளியே உயிர் போனவரை வீட்டுக்குள் எடுப்பதில்லை. வாசலில் கிடத்தி, வாசலிலிருந்தே எடுத்துவிடுவார்கள். மூச்சு இருக்கும்போதே வாசல் நிலையைத் தாண்டிவிட வேண்டும். அம்மாவுக்கு இப்போது உலகத்தில் வேறு வேண்டுதல் எதுவும் இல்லை.

"போயிரலாம்மா," என்றான் தமிழ்செல்வன். நேற்று ராத்திரிதான் திருப்பூரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். பனியன் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லையாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்ததும், மூத்திரப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றதும், டாக்டர்களின் பின்னால் ஓடியதும் எல்லாம் கீர்த்தனாதான். ஆனால் அடிவாரத்தில் காரவள்ளி தாண்டும்போது அப்பா கண் திறந்து கேட்டது என்ன?

"தமிழு ஓட்டறானா?"

ஆமாங்க என்று அம்மா சொன்னதும் அந்த முகத்தில் வந்த தெளிச்சியைக் கீர்த்தனா திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள். வயிறு எரிந்தது. சாகக் கிடக்கிற மனுசனை வைத்துக்கொண்டா இப்படி எரிவது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினால் நிற்கிற எரிச்சலா அது?

அந்த மீட்டரை இரண்டு வருசத்துக்கு முன்னால் வைத்தது அவள். காரோடு வந்த பழைய மீட்டர் செத்துப்போய், அப்பா நடு மலையில் ரேடியேட்டர் கொதித்து நின்ற நாளில், சேலம் போய்ப் புதிது வாங்கி வந்ததும் அவள்தான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவள், அது மட்டும் செய்யமாட்டாளா? கரன்ட் கம்பியும் சாவியும் வேண்டாத வகை அது. ஒரு முனையில் மீட்டர், மறுமுனையில் பித்தளைக் குமிழ், நடுவில் நூல்போல மெல்லிய செம்புக் குழாய். குமிழை என்ஜின் தலையில் முறுக்கிவிட்டால் போதும். என்ஜினை அணைத்தாலும் உள்ளே மிச்சமிருக்கும் சூட்டை முள் காட்டிக்கொண்டே இருக்கும்.

செம்புக் குழாயை ஒடியாமல் வளைத்து, கிளட்ச் மிதிக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் ஓட்டை வழியாக உள்ளே இழுப்பதற்குள் அவளுக்குப் பாதி நாள் போய்விட்டது. தகட்டில் ஓட்டை போடும்போது டிரில் வழுக்கிக் கட்டை விரலைக் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. கடைசியில் மீட்டரை அப்பா பார்க்கிற மாதிரித் திருப்பி முடுக்கப் போனாள்.

"அங்க வேண்டாங் கண்ணு. அந்தப் பக்கம் திருப்பு," என்றார் அப்பா.

"ஓட்டறவங்களுக்குத் தெரிய வேண்டாங்களா? யாராச்சும் பாத்தா சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். கிட்டத்துல இருக்கறது எனக்கு எங்க தெரியுது? மலையில என்ற கண்ணு ரோட்டுல இருக்கோணும். நீ பாத்துச் சொல்லு."

அப்படித்தான் ஆயிற்று. அவள் கூட வரும் நாளெல்லாம் வளைவுக்கு வளைவு, "கீர்த்தி, எவ்வளவு காட்டுது?" என்பார். அவள் சொல்வாள். அவள் வராத நாளில் முன் சீட்டில் ஏறிய பிரயாணி தலையில் அந்த வேலை விழும். வாத்தியார், நர்சு, அன்னாசி வியாபாரி என்று எல்லாரும் எண் சொல்லிக்கொண்டே மலை ஏறினார்கள்.

ஒருநாள் சோளக்காடு கார் ஸ்டாண்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் காதாலேயே கேட்டாள். "இந்த மீட்டர எம் பையன் திருப்பூர்ல இருந்து வந்து வெச்சுக் குடுத்துட்டுப் போனான்," என்று அப்பா பெருமையடித்துக்கொண்டிருந்தார். தூக்குப்போசியை அங்கேயே நங்கென்று வைத்துவிட்டு வந்துவிட்டாள். சாயங்காலம் கேட்டதற்குச் சிரித்தார். "உடு கண்ணு. உன்னைப் பத்திப் பேச எனக்கு ஆயிரம் இருக்குது. அவனைப் பத்தி என்ன இருக்குது, சொல்லு? அவம் பேருல ஒண்ணாச்சும் இருக்கட்டும்." நல்ல நியாயம்! வராதவனுக்கு மாலை, கூட இருந்தவளுக்குத் தழும்பு. இதில் கொடுமை, மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்தபோது ஸ்டாண்டுக்காரர்கள் பாராட்ட, இந்த மகாராசன் மறுக்கவும் இல்லை. பல்லைக் காட்டிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாற்பதாவது வளைவு. முள் நூறைத் தாண்டியது. இனிமேல் வீம்பு பிடிக்க முடியாது.

"அண்ணா, நூறுக்கு மேல போவுது."

"ஐயோ. நிறுத்தட்டுமா?"

"நிறுத்துனா ஆற அரை மணி ஆவும்."

பின்னால் அம்மா, "நிறுத்தாத சாமி, நிறுத்தாத," என்றாள். அப்பாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது.

கீர்த்தனா கையை நீட்டி ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டாள். குப்பென்று அனல் வந்து முகத்தில் அடித்தது.

"பைத்தியமா உனக்கு? இந்த வெயில்ல ஹீட்டரா?" தமிழ்செல்வன் கத்தினான்.

"என்ஜின் சூட்ட இழுத்து இங்க உடுதுண்ணா. ரெண்டாம் கியருலயே போ. நிறுத்தாம போயிரலாம்."

"அவருக்கு ஆவுமா இந்தச் சூடு?"

"காலு சில்லுனு கெடக்குது," என்றாள் அம்மா. "வரட்டும். அவருக்கு நல்லதுதான்."

கண்ணாடிகளைத் திறந்துவிட்டும் கார் அடுப்பு மாதிரி ஆயிற்று. மூன்று பேருக்கும் வேர்வை வழிந்தது. அப்பாவுக்கு மட்டும் வேர்க்கவில்லை. முள் யோசித்து யோசித்து நூறுக்கு வந்தது. பிறகு மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

ஐம்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வளைவில், ஹாரன் சத்தம் அடங்கியதும், பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"எவ்வளவு காட்டுது?"

தமிழ்செல்வனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரோட்டையும் விடாமல் மீட்டர் பக்கமும் எட்டிப் பார்த்தான். விளிம்புதான் தெரிந்திருக்கும். "நல்லாருக்குதுங்கப்பா," என்றான் அவசரமாக. "ஒண்ணும் பயமில்லீங்க."

இழுப்புக்கு நடுவே அப்பாவின் குரல் மறுபடி வந்தது.

"உன்னக் கேக்குல."

கீர்த்தனா முன்னால் குனிந்து முள்ளைப் பார்த்தாள். "தொண்ணூத்தஞ்சுங்கப்பா. எறங்குது."

"ம்," என்றார் அப்பா. எத்தனையோ வளைவில் சொன்ன அதே "ம்".

பாவி மனது, அந்த நேரத்திலும் துள்ளியது. ஓரக்கண்ணால் அண்ணனைப் பார்த்தாள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ரோட்டை மட்டும் பார்த்தான். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருசமாகக் கண்ணாடியில் அவளே பார்த்து வந்த முகம் அது. பார்த்ததும் துள்ளல் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

மேலே ஏற ஏறக் காற்று மாறியது. மிளகுக்கொடி சுற்றிய மரங்கள் வரத் தொடங்கின. கடைசி வளைவும் முடிந்து சோளக்காட்டைத் தாண்டியபோது கீர்த்தனா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கை நின்றிருந்தது. ஸ்கேன் உறை அப்பாவின் நெஞ்சின்மேல் கிடந்தது. இழுப்புச் சத்தம் இல்லை.

அம்மா மகளையே பார்த்தாள். கண் கலங்கவில்லை. பிறகு உறையை எடுத்து மறுபடி விசிறத் தொடங்கினாள்.

"எவ்வளவு காட்டுது?" என்றான் தமிழ்செல்வன்.

"போலாண்ணா. நிறுத்தாம போ."

வீட்டு வாசலில் கூட்டம் காத்திருந்தது. கார் நிற்பதற்கு முன்பே அம்மா கதவைத் திறந்து கத்தினாள். "உசுரு இருக்குது! உள்ள தூக்குங்க! உள்ள தூக்குங்க!"

நான்கு பேர் தூக்கினார்கள். தலைப்பக்கம் பிடித்தவர் ஸ்டாண்டில் அப்பாவோடு கார் ஓட்டுகிற குழந்தைசாமி. தூக்கியதுமே அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் பேசாமல், நிலைப்படியில் இடிக்காதபடி பதனமாகக் குனிந்து உள்ளே கொண்டுபோனார். நடுவீட்டில் கிடத்திய பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தமிழ்செல்வன் தோளில் கை வைத்தார். "நீ வெச்சுட்டுப் போன மீட்டருதாந் தம்பி இன்னைக்கு உங்கப்பன ஊடு சேத்திருக்குது. இல்லீன்னா நடு மலையில நின்னுருப்பீங்க."

"அது நானு..." என்று ஆரம்பித்துத் தமிழ்செல்வன் தங்கச்சியைப் பார்த்தான். வாசலில் பத்துப் பேராவது இருந்தார்கள். எல்லாரும் ஸ்டாண்டுக்காரர்கள், உறவுக்காரர்கள். எந்தச் சபையில் இந்தப் பேச்சு வரவேண்டும் என்று கீர்த்தனா ஏங்கிக் கிடந்தாளோ அதே சபை.

"ஆமாங்க மாமா," என்றாள். "அண்ணன் வெச்சதுதானுங்க."

சொல்லிவிட்டு அம்மாவிடம் போனாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கிருந்து திறந்த கதவு வழியாகக் கார் தெரிந்தது.

தமிழ்செல்வன் அதில் ஏறி உட்கார்ந்திருந்தான். ஓட்டுகிற பக்கம் இல்லை, இடப்பக்கம், அவள் சீட்டில். கதவு திறந்தே கிடந்தது. மீட்டருக்கு நேராக முகத்தை வைத்திருந்தான்.

"தமிழு, குளிப்பாட்டத் தண்ணி எடுத்தாரப் போவோணும், வா," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"வாரேன்," என்றான். எழுந்திருக்கவில்லை. மீட்டரைப் பார்த்தபடியே, யாரும் கேட்காமலே, "எழுபது," என்றான்.