ஓர் அடி இறங்க எத்தனை அடி?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது உத்திரமேரூர் பேருந்து நிலையக் கழிப்பறை வரிசையில். இலக்கியத்துக்குக் கொஞ்சம் குறைச்சலான இடம்தான். கௌரவமான இடம் ஒன்றைப் புளுகிப் பார்த்தேன், ஒட்டவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் மண் பரிசோதனைக் கூலியாள் துரை. (பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதையும்தான்.)

2

முதல் தொடக்கம்: "பூமி நடுங்கியது. துரை திடுக்கிட்டு எழு—"

அடித்துவிட்டேன். உத்திரமேரூர் பூமி என் வசதிக்கு நடுங்காது. நடுங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கதை. அதற்கு ஒரு பத்தி கட்டுரை வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாறையில் அதிர்வு விருட்டென்று கடந்துவிடும். அதே அதிர்வு தளர்ந்த களிமண்ணுக்குள் வந்தால் வேகம் குறைந்து, வீச்சு பெருகி, நெடுநேரம் ஆட்டும். தட்டைத் தட்டினால் தட்டு நின்றுவிடும், அதிலுள்ள கூழ் நிற்காது. ஆகவே கட்டுவதற்கு முன் மண்ணை விசாரிக்க வேண்டும். கனத்த சம்மட்டியைத் தூக்கித் தூக்கி ஒரு குழாயின் தலையில் விழவிட்டு, குழாய் ஓர் அடி இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவார்கள். கெட்டி மண் ஐம்பது வாங்கும், சேறு இரண்டு மூன்றிலேயே வழிவிட்டுவிடும்.*

* தமிழில் இரண்டும் 'அடி'தான். நான் என்ன செய்ய?

3

இடம், தூர்த்த பழைய ஏரி. துரையின் இருளர் குடியிருப்புக்கு அங்கே மூன்று மாடி வீடுகள் வரப்போகின்றன. சம்மட்டிக் கயிறு துரையின் கையில். பொறியாளர் பிரேம்நாத் இருபது தப்படி தள்ளி, காருக்குள், ஏசியில். விசாரணை போனில் நடந்தது.

"எவ்ளோ துரை?"

"மூணு அடி சார்."

"அதுக்கப்புறம்?"

"அவ்ளோதான் சார், முடிஞ்சிட்ச்சி."

துரை சொன்னது, மூன்றே தட்டில் குழாய் முழுசாக இறங்கிவிட்டது என்று. மூன்றடிக்குமேல் குழாய் இறங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பிரேம்நாத் எழுதியது, 'மூன்றடி ஆழத்தில் பாறை'. [இங்கே வாசகர் சிரிக்கலாம். கோப்பு சிரிக்கவில்லை. பன்னிரண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது.]

4

பயனாளிகள் கூட்டத்தில் அறிக்கையை வாசித்தபோது துரை எழுந்து மேசைக்கு வந்தார்.

"பாறை இல்ல சார். நான் சொன்னது அடி."

"நானும் அடின்னுதானேய்யா எழுதியிருக்கேன்?"

"அந்த அடி இல்ல சார், இந்த அடி." மேசையில் மூன்று முறை குத்திக் காட்டினார்.

பிரேம்நாத்தின் முகம் வெளுத்தது. கெட்டவர் இல்லை, வெயில் ஆகாதவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்ப திருத்தினா மறுபடி மண் டெஸ்ட், வேற அஸ்திவாரம், கோப்பு மேல போகும். மூணு வருஷம் ஆகலாம். வராமலே போகலாம். நீயே சொல்லு துரை, திருத்தட்டுமா?"

அரசாங்கம் துரையின் கருத்தைக் கேட்டது அதுவே முதல் முறை.

மனைவி வீரம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாய்யா முழிச்சிக்கினு கீற? பூகம்பம் இன்னா நாள் குறிச்சிகினா வருது? மழை ஐப்பசில வந்துடும். போன மழைக்கு சௌமியாவ வெள்ளத்துல இருந்து தூக்கினமே, மறந்துட்டியா?"

"மறக்கல வீரம்மா. ஆனா அந்தக் குழாய் எறங்கினத நான் பாத்தேன். அது மேலதான் நம்ம பொண்ணு தூங்கப் போவுது."

5

முடிவுகள்.

அ) பூகம்பம் வருகிறது. துரை சொன்னது சரி என்று காட்ட ஏழு வயது சௌமியாவை நான் கொல்ல வேண்டும். மாட்டேன்.

ஆ) துரை "திருத்துங்க" என்கிறார். நேர்மை வெல்கிறது. விமர்சகர்கள் கைதட்டுகிறார்கள். ஐப்பசியில் குடிசைக்குள் முழங்கால் தண்ணீர்.

இ) துரை வாயை மூடிக்கொள்கிறார். புது வீட்டில் பால் பொங்குகிறது. ஒவ்வொரு லாரி போகும்போதும் அவர்—

முடியவில்லை. என் அடுக்ககம் எந்த மண்ணில் நிற்கிறது என்று இதுவரை நான் கேட்டதே இல்லை. துரைக்காக நான் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பிரேம்நாத் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். முடிவை வாசகர்களிடம் விட்டுவிடுகிறேன் என்று துரையிடம் சொன்னேன்.

"யார் வேணா சொல்லட்டும் சார்," என்றார். "சொல்றவங்க எம் பொண்ணு பக்கத்துல பாய் போட்டுப் படுக்கணும். அவ்ளோதான்."