ஒற்றைச் சாவி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் திறக்க வேண்டிய கதவு ஏழேகாலாகியும் திறக்கவில்லை. ஒரு அச்சகத்தின் மாடியில் எங்கள் கூட்டம் நடக்கும் அறை அது. எட்டுப் பேர் படிக்கட்டில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்திருந்தோம். கதவில் தொங்கிய ஏழு லீவர் பூட்டு நானே பழுதுபார்த்து மாட்டியது. என் தொழில் பூட்டு ரிப்பேர். இந்தக் கூட்டத்தில் என் பெயரும் பூட்டுதான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வளைந்த கம்பி கிடக்கும். அதை வைத்துக்கொண்டு, மூடிய பூட்டுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருப்பது என்ன அவஸ்தை என்பதை வேறு தொழில்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கை அரித்துக்கொண்டே இருந்தது.

சாவி ஒன்றே ஒன்றுதான். மாற்றுச் சாவி வெட்டக்கூடாது என்பது இங்கே ஏற்பாடு. குடியோ வேறு எந்தப் போதையோ, அதை விட்டு யாருக்கு ஆகக் குறைந்த நாள் ஆகியிருக்கிறதோ அவர் கையில்தான் சாவி இருக்கும். பத்து வருடக்காரர்கள் எல்லாம் வெளியே காத்துக் கிடக்க, போன மாதம் வந்தவர் வந்து திறந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் போய் இழுத்துக்கொண்டு வருவதும் கிடையாது. அவராக வர வேண்டும். இந்த யோசனையைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, நிச்சயமாகப் பூட்டுக்காரன் இல்லை. இப்போது சாவி பெயின்டரிடம் இருந்தது. அவர் குடியை விட்டுப் பத்தொன்பது நாள். அவருடைய போன் அணைந்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களில் மூத்தவரான லாண்டரி அக்கா தெருமுனையைப் பார்ப்பதும், கைக்குட்டையைப் பிரித்து மறுபடி நான்காக மடிப்பதுமாக இருந்தார்.

அன்றைக்குப் பார்த்து ஒரு பெண் புதிதாக வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அலுவலக அட்டை. தூக்க மாத்திரை என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டாம், எட்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டுமாம். புதிதாக வருபவர்கள் எப்படி நழுவுவார்கள் என்பது எங்களுக்கு அத்துப்படி. முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி போனை எடுத்துக்கொண்டு படியிறங்குவார்கள். அவ்வளவுதான், அப்புறம் கண்ணிலேயே பட மாட்டார்கள். நானும் முதல் இரண்டு தடவை அப்படித்தான் இறங்கினேன். இவர் கடிகாரத்தை மூன்று முறை பார்த்துவிட்டார். ஆனால் போனை எடுக்காமல் என் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஏன் யாரும் உள்ளே போகவில்லை, சாவி யாரிடம் இருக்கிறது, ஏன் அவரிடம் இருக்கிறது. ஏற்பாட்டைச் சொன்னேன். புதிர்க்கணக்கைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். ஒருவர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார் என்பது அடுத்த கேள்வி.

“ஒரு தடவ நாலு மணி நேரம் காத்திருந்தாங்க,” என்றேன்.

“அவர் வந்தாரா?”

“வந்தேன். எதிர் சந்துல நின்னு பாத்துட்டே இருந்தேன். போயிடுவாங்க, போயிடுவாங்கன்னு பாக்குறேன், ஒருத்தரும் நகரல.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னதும் பூட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

மணி எட்டை நெருங்கியது. அந்தப் பெண் கைப்பையைத் தோளில் மாட்டினார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் கதவைக் காட்டினார். நான் இங்கே வந்த பதினான்கு வருடத்தில் அவர் அப்படிக் காட்டியதே இல்லை. அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. வராதவருக்காக வந்தவரை விட முடியாது. எழுந்து கம்பியை வெளியே எடுத்தேன். ரொம்பவும் வேண்டாவெறுப்பாக எடுத்தேன் என்று சொன்னால் பொய்.

“வேணாம் சார்,” என்றார் அந்தப் பெண். “அவரு வந்து பாக்குறப்ப கதவு தெறந்திருக்கக் கூடாதுல்ல?”

கம்பியைத் திரும்பப் பையில் போட்டேன். கதவு திறந்திருந்தால், தான் இல்லாமலே எல்லாம் நடக்கிறது என்று வருகிறவர் அப்படியே திரும்பிவிடுவார். அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. இவர் முக்கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டார். எட்டு மணி தாண்டியது. அவர் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று கேட்டார். வேலைக்குப் போக வேண்டாமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எட்டு இருபதுக்குப் பெயின்டர் வந்தார். நேற்றைய சட்டை, நேற்றைய முகம். மேலே ஏறாமல் படிக்கட்டின் அடியிலேயே நின்று சாவியை நீட்டினார். நேற்று இரவு தவறிவிட்டதாகவும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்ததாகவும் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“தம்பி, அப்ப இன்னிக்கு உனக்கு எத்தன நாளு?” என்றார் அக்கா.

“ஒண்ணுமில்லக்கா. முட்டை.”

“எல்லாரையும் விடக் கம்மி நீதான. சாவி உங்கிட்டதான் இருக்கணும்.”

அவர் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. தோற்றுப்போய்த் திருப்பிக் கொடுக்க வந்த சாவி தன்னிடமே திரும்பி வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அழுதுவிடுவார் போலிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் சாவியைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

“நேத்து ராத்திரி எத்தன மணிக்கு?” என்று புதிய பெண் கேட்டார். பெயின்டர் நிமிர்ந்து பார்த்து, பத்து இருக்கும் என்றார்.

“நான் இன்னிக்கு விடிகாலைல நாலு மணிக்கு மாத்திரை போட்டேன். உங்கள விட ஆறு மணி நேரம் கம்மி.”

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொல்லிவிட்டதன் பொருள் அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் படியிறங்கிப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராகத் தாண்டி மேலே ஏறினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வராவிட்டால் நாங்கள் எல்லோரும் இதே படிக்கட்டில்தான்.

பெயின்டர் ஒரு கை குறைந்தவரைப்போலக் கீழே நின்றார். திரும்பிப் போய்விடத் தயாரான நிற்பு அது. ஒரு கால் ஏற்கெனவே தெருப்பக்கம் திரும்பியிருந்தது.

அந்தப் பெண் சாவியை நுழைத்துத் திருப்பினார். ஏழு லீவரும் ஒன்றாக எழுந்து பூட்டு விட்டுக்கொடுக்கும் அந்தச் சின்னச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன். கேட்டது. முதல் திருப்பிலேயே திறந்துவிட்டது. அவர் உள்ளங்கையால் பூட்டை மூடினாற்போலப் பிடித்து, வளையத்தை மெல்ல உள்ளே அழுத்திவிட்டு, எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்னைத் தாண்டிக் கீழே பார்த்தார்.

“தெறக்க வரலியே. இத எப்பிடித் திருப்பணும்?”

அக்கா என் பக்கம் திரும்பினார். “பூட்டு, என்னன்னு பாரேன்.”

“எனக்குத் தெரியாதுக்கா,” என்றேன். ஒரு பூட்டைப் பற்றி என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

பெயின்டர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, அதைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும் என்று அங்கிருந்தே சைகை காட்டினார். அந்தப் பெண் புரியாதவர்போலத் தலையாட்டினார். சுண்ணாம்புப் புள்ளி தெறித்த ஒரு செருப்பு முதல் படியில் ஏறியது. நாங்கள் முழங்காலை மடக்கிச் சுவரோரமாக ஒதுங்கினோம். இரண்டாவது படி. மூன்றாவது. அந்தப் பெண்ணின் கட்டைவிரல் பூட்டின் வளையத்தை இறுக அழுத்தியபடியே இருந்தது.